பிரித்துப் பார்த்தலும் எழுதி வைத்தலும்: அமெரிக்கத் தனியார் சிறு விமானங்களின் பராமரிப்பு வரலாறு (1926–2021)

ஆய்வுச் சுருக்கம்

சிறு விமானமொன்றைச் சொந்தமாக வைத்திருப்பவரே அதன் வான்தகுதிக்கு முதற்பொறுப்பாளர் என்பது அமெரிக்க வான்போக்குவரத்து விதிகளின் நிலைப்பாடு. ஆயினும் விமானத்தின் சுமை முழுவதையும் தாங்கும் இறக்கை விட்டத்தின் இணைப்பு, பிரித்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கிறது. பிரிப்பதோ புதிய பழுதுக்கு வழிவிடக்கூடியது. இவ்விக்கட்டு 1926 முதல் 2021 வரை எவ்வாறு கையாளப்பட்டது என்பதை விதிகள், விபத்துகள், பராமரிப்பு ஆய்வுகள் ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வு நடந்ததற்கான சான்றாக மட்டுமே கருதப்பட்ட பராமரிப்புப் பதிவேடு, உலோகத்தின் வயதைக் கணிக்கும் ஆவணமாக மாறியதே இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வான்தகுதி, சிறு விமானம், இறக்கை விட்டம், உலோக அயர்ச்சி, பராமரிப்புப் பதிவேடு.

முன்னுரை

வான்போக்குவரத்துப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் பயணியர் விமானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒரே நாளில் மடியும்போது உலகம் திரும்பிப் பார்க்கிறது, விசாரணைகள் நடக்கின்றன, நூல்கள் எழுதப்படுகின்றன. இரண்டு அல்லது நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம் விழுந்தால் அது உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் பராமரிப்பு என்னும் சிந்தனை வளர்ந்த விதத்தை அறிய விரும்புவோர்க்குச் சிறு விமானமே வளமான களம். பயணியர் விமானத்தின் பின்னால் ஒரு நிறுவனமும், பொறியியல் துறையும், இரவு பகலாக உழைக்கும் பணிமனையும் நிற்கின்றன. சிறு விமானத்தின் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதர். அவர் மருத்துவராகவோ உழவராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருக்கலாம். சட்டம் அவரிடம்தான் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது.

உலகில் தனியார் சிறு விமானங்கள் மிகுதியாக உள்ள நாடு அமெரிக்கா என்பதாலும், அங்கு விதிகளும் விபத்து அறிக்கைகளும் பொதுவில் கிடைப்பதாலும் இக்கட்டுரை அந்நாட்டோடு தன்னை வரையறுத்துக்கொள்கிறது. கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. இறக்கையின் வேரிலிருந்து நுனிவரை உள்ளே ஓடிச் சுமையைத் தாங்கும் உறுப்பை இங்கு ‘விட்டம்’ என்றே குறிக்கிறேன். கூரையின் பாரத்தைத் தாங்கும் வீட்டு விட்டம் செய்யும் வேலையைத்தான் அது வானில் செய்கிறது. வட்டத்தின் விட்டத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டம் வகுத்த பொறுப்பு

1926 மே 20 அன்று குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் கையொப்பமிட்ட வான்வணிகச் சட்டத்திற்கு முன்பு, அமெரிக்காவில் விமானம் கட்டவோ ஓட்டவோ பழுதுபார்க்கவோ நடுவண் அரசின் உரிமம் தேவைப்படவில்லை. முதல் உலகப் போரில் எஞ்சிய விமானங்களை மலிவாக வாங்கி, ஊர் ஊராகச் சென்று வேடிக்கை காட்டிப் பிழைத்தவர்களின் காலம் அது. ஓட்டுபவரே பழுதுபார்ப்பவர், கையில் கிடைத்த கம்பியும் துணியுமே உதிரிப்பாகம். புதிய சட்டம் வணிகத் துறையின்கீழ் ஒரு வான்பிரிவை நிறுவியது. 1927 மார்ச்சில் புல் ஏர்ஸ்டர் என்னும் விமான வகை முதல் வகைச் சான்றிதழைப் பெற்றது. அவ்வாண்டு ஜூலையில் ஃபிராங்க் கேட்ஸ் கார்ட்னர் முதல் விமானப் பொறிவினைஞர் உரிமத்தைப் பெற்றார். விமானம், ஓட்டுநர், பொறிவினைஞர் ஆகிய மூவர்க்கும் தனித்தனிச் சான்று என்னும் ஏற்பாடு இவ்வாறு தோன்றி, 1938, 1958 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியாக இன்றுவரை தொடர்கிறது.

இவ்வேற்பாட்டில் உரிமையாளரின் இடம் வியப்புக்குரியது. விமானத்தை வான்தகுதி நிலையில் வைத்திருக்கும் முதற்பொறுப்பு உரிமையாளர் அல்லது இயக்குபவருடையது என்று இன்றைய விதி தெளிவாகக் கூறுகிறது. பொறிவினைஞர் தாம் செய்த வேலைக்குப் பொறுப்பாளர். எந்த வேலை செய்யப்பட வேண்டும், எப்போது, யாரால் என்பதெல்லாம் உரிமையாளரின் கவலை. எண்ணெய் மாற்றுதல், சக்கரத்தின் டயர் மாற்றுதல், தீப்பொறிச் செருகிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுதல் போன்ற எளிய பணிகளை, ஓட்டுநர் உரிமம் பெற்ற உரிமையாளர் தம் கையாலேயே செய்து, பதிவேட்டில் கையொப்பமிடலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு உரிமம் பெற்ற பொறிவினைஞர் வேண்டும். காரை பணிமனையில் விட்டுவிட்டு மாலையில் சாவியை வாங்கிக்கொள்ளும் பழக்கம் உடைய ஒருவர், விமானம் வாங்கிய அன்று இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. எத்தனையோ விபத்து அறிக்கைகளின் அடியில் இந்த உணராமை கிடக்கிறது.

1931: மர இறக்கையின் உட்புறம்

பிரித்துப் பார்க்கும் சிக்கலை அமெரிக்கா முதன்முதலில் கூர்மையாக எதிர்கொண்டது ஒரு பயணியர் விமானத்தின் வழியாகத்தான். 1931 மார்ச் 31 அன்று கான்சஸ் மாநிலத்தின் பசார் என்னும் ஊரருகே ஃபோக்கர் எஃப்-10ஏ விமானம் ஒன்று வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தது. அதில் இருந்த எட்டுப் பேரும் மாண்டனர். புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்றுநர் நூட் ராக்னி அவர்களுள் ஒருவர் என்பதால் நாடு அதிர்ந்தது. ஃபோக்கரின் இறக்கை மரத்தாலானது. விட்டங்களும் மரம், மேற்பூச்சான ஒட்டுப்பலகையும் மரம், இணைப்பது பசை. ஈரம் உட்புகுந்து பசை நெகிழ்ந்தாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் ஒட்டுப்பலகையைப் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்த இறக்கையை மீண்டும் பழைய உறுதியோடு ஒட்டுவது எளிதன்று. அரசு அவ்வகை விமானங்களின் பயணியர் சேவையை நிறுத்திவைத்து, ஆய்வுக்கு உட்படுத்தியது. விமான நிறுவனங்கள் இந்தத் தொல்லையை ஏற்கவில்லை. முழு உலோக விமானங்களை நோக்கி நகர்ந்தன.

சிறு விமானங்களின் உலகில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 எண்ணிக்கையில் கட்டப்பட்ட பைப்பர் ஜே-3 கப், எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம். துணிக்கு ஒரு நற்குணம் உண்டு: அது கிழியும், மங்கும், நைந்துபோவதை விரலால் அழுத்தியே அறியலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணியை உரித்துப் புதிதாகப் போர்த்தும்போது உள்ளிருக்கும் சட்டம் முழுவதும் கண்முன் வந்துவிடும். போருக்குப் பின் வந்த செஸ்னா 172, பைப்பர் பி.ஏ.-28 போன்ற அலுமினிய விமானங்களுக்கு அத்தகைய கட்டாய வெளிப்பாடு இல்லை. தறையாணி அடித்த உலோகத் தோல் பல பத்தாண்டுகள் பளபளப்பாகவே நிற்கும். நீடித்த உழைப்பு என்ற வரத்தோடு, உட்புறத்தைக் காட்டாமை என்ற குறையும் சேர்ந்தே வந்தது என்று சொல்லலாம்.

நாட்காட்டியும் மணிக்கணக்கும்

இன்றைய அமெரிக்க விதியில் சிறு விமானத்துக்கு இருவகைக் காலமுறை ஆய்வுகள் உள்ளன. பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, ஆய்வு அதிகாரம் பெற்ற பொறிவினைஞரால் செய்யப்படும் ஆண்டாய்வு எல்லா விமானங்களுக்கும் உரியது. கட்டணம் பெற்று ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானங்களும், பயிற்றுநர் கட்டணம் பெற்றுக்கொண்டு தாமே வழங்கும் விமானத்தில் கற்பிக்கும்போது அவ்விமானமும், கூடுதலாக 100 மணிப் பறப்புக்கு ஒருமுறை ஆய்வுக்குட்பட வேண்டும். உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்கு மட்டும் பறந்தால் நூறு மணி ஆய்வு கட்டாயமில்லை. இரு ஆய்வுகளின் பொருளடக்கமும் ஒன்றே. செய்பவரின் தகுதியும் கால இடைவெளியுமே வேறு. இந்தச் சிறு வேறுபாடு பின்னாளில் எதிர்பாராத பயன் ஒன்றைத் தரப்போகிறது.

இவ்விதிகளின் அடியில் இருந்த நம்பிக்கை எளியது: அடிக்கடி பிரித்துப் பார்த்தால் அதிகப் பாதுகாப்பு. அந்நம்பிக்கையை முதலில் அசைத்தவர் ஓர் உயிரியலாளர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையின் கடற்கரைப் பிரிவில் செயலாய்வுக் குழுவில் பணியாற்றிய சி. எச். வாடிங்டன், நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்களின் பழுதுப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த ஆய்வு முடிந்த உடனேயே எதிர்பாராப் பழுதுகள் மிகுந்தன. பிறகு படிப்படியாகக் குறைந்தன. அடுத்த ஆய்வுக்குப் பின் மீண்டும் மிகுந்தன. ஆய்வு பழுதைத் தடுத்திருந்தால் வரைபடம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கலைப்பதே பழுதின் ஊற்று என்பது தெளிவாயிற்று. இக்கண்டறிதல் இன்று அவர் பெயராலேயே ‘வாடிங்டன் விளைவு’ எனப்படுகிறது. போர்க்கால மறைப்பால் அவருடைய நூல் 1973-இல்தான் வெளிவந்தது.

அதற்குள் விமான நிறுவனங்கள் தாமாகவே அதே முடிவை நெருங்கியிருந்தன. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் ஆகிய இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-இல் அளித்த அறிக்கை, தாங்கள் ஆராய்ந்த உறுப்புகளுள் 11 விழுக்காடு மட்டுமே வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயன்பெறக்கூடியவை என்று காட்டியது. 68 விழுக்காடு உறுப்புகள், பொருத்திய தொடக்கத்திலேயே மிகுதியாகப் பழுதாகி, அதைக் கடந்துவிட்டால் நிலையாக உழைத்தன. பெரிய நிறுவனங்கள் இவ்வறிவை விரைந்து உள்வாங்கிக்கொண்டன. தனி உரிமையாளரின் கொட்டகைக்கு அது வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

தனியார் விமானத்தின் எதிரி பெரும்பாலும் மிகுந்த பயன்பாடு அன்று, பயன்பாடின்மை. வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் எஞ்சினுக்குள் ஈரம் படிந்து, எண்ணெய்ப் படலம் வடிந்த எஃகுப் பரப்பில் துரு ஏறுகிறது. லைகமிங் நிறுவனம் தன் எஞ்சின்களை முழுமையாகப் புதுக்குவதற்கு மணிக்கணக்கோடு 12 ஆண்டுகள் என்ற நாட்கணக்கையும் சேர்த்தே பரிந்துரைப்பது இதனால்தான். சொந்தத் தேவைக்குப் பறக்கும் உரிமையாளரை இப்பரிந்துரை சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. எண்ணெய் வடிகட்டியை அறுத்து அதில் உலோகத்துகள் உள்ளதா என்று பார்ப்பது, எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்புவது, உருளைக்குள் நுண்காட்டிக் குழாயைச் செலுத்தி அடைப்பிதழ்களைக் காண்பது என, எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உடல்நிலையை அறியும் வழிகள் பெருகிவிட்டன. எஞ்சினைப் பொறுத்தவரை வாடிங்டன் வென்றுவிட்டார் எனலாம். இறக்கை விட்டத்தின் கதை அவ்வளவு எளிதன்று.

புதியவை வராத காலம்

1978-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 17,811 பொதுப்பயன் விமானங்களை விற்றன. 1994-இல் அவ்வெண் 928. எரிபொருள் விலை, பொருளாதார மந்தம், வட்டி விகிதம் எனக் காரணங்கள் பல இருப்பினும், உற்பத்தியாளர்கள் முன்னிறுத்திய காரணம் இழப்பீட்டு வழக்குகள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய விமானம் விழுந்தாலும் கட்டியவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. செஸ்னா 1986-இல் பிஸ்டன் எஞ்சின் விமானங்களைக் கட்டுவதையே நிறுத்தியது. பைப்பர் 1991-இல் திவால் பாதுகாப்பை நாடியது. 1994 ஆகஸ்ட் 17 அன்று கிளிண்டன் கையொப்பமிட்ட பொதுப்பயன் வான்போக்குவரத்துப் புத்துயிர்ச் சட்டம், விமானமோ உறுப்போ விற்கப்பட்டு 18 ஆண்டுகள் கழிந்தபின் அதன் வடிவமைப்புக் குறைக்காக உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுக்கப் பெரும்பாலும் தடைவிதித்தது. செஸ்னா கான்சஸில் புதிய ஆலை தொடங்கித் திரும்பி வந்தது.

இச்சட்டம் தொழிலைக் காத்ததா என்ற விவாதம் பொருளியலார்க்கு உரியது. நம் நோக்கில் முக்கியமானது வேறு. பதினெட்டு ஆண்டு கடந்த விமானத்துக்கு உற்பத்தியாளரின் சட்டப் பொறுப்பு ஏறத்தாழ நீங்கிவிட்ட அதே காலத்தில், புதியவை கட்டப்படாமையால் பறந்துகொண்டிருந்த விமானங்களிற் பெரும்பாலானவை அவ்வயதைத் தாண்டிக்கொண்டிருந்தன. பொறுப்பு சிறிது சிறிதாக உரிமையாளரிடமே வந்து குவிந்தது. 1988-இல் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 வானில் மேற்கூரை கிழிந்ததைத் தொடர்ந்து, முதிர்ந்த விமானங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1991-இல் இயற்றப்பட்டது. அது வான்பயண நிறுவனங்களை நோக்கியது. அதே அலுமினியத்தால், அதே பத்தாண்டுகளில் கட்டப்பட்ட சிறு விமானத்தின் முதுமையை அது தொடவில்லை.

ஒரே இணைப்பு, இரு விபத்துகள்

பி.ஏ.-28 வகையில் ஒவ்வோர் இறக்கையின் விட்டமும் உடற்பகுதியின் குறுக்கே செல்லும் பெட்டி போன்ற விட்டத்துக்குள் நுழைந்து, மரையாணிகளால் இறுகப் பிணைக்கப்படுகிறது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயல்வதால் விட்டத்தின் கீழ்விளிம்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. கீழ்விளிம்பின் வெளிக்கோடியில் உள்ள ஆணித்துளைகளே அதிக அழுத்தம் படும் இடம். காற்றின் ஒவ்வொரு குலுக்கலும், தரையிறங்கும் ஒவ்வோர் அதிர்வும் அங்கே எழுதப்படுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லத் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றி வளரலாம். அது உலோக அயர்ச்சி.

1987 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் மார்லின் அருகே பி.ஏ.-28-181 ஒன்று இறக்கை பிரிந்து விழுந்தது. 7,000 மணிக்கு மேல் பறந்திருந்த அவ்விமானம், எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைக் கண்காணிக்கத் தாழ்வாக, குலுக்கல் மிகுந்த காற்றிலேயே பறந்துவந்தது. அரசு 87-08-08 என்ற எண்ணுள்ள வான்தகுதி ஆணையை வெளியிட்டு, இறக்கைகளைக் கழற்றி விட்டத்தை ஆராயுமாறு பணித்தது. 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் பார்க்கப்பட்டன. பழுது அறிவிக்கப்பட்டவை இரண்டே. 1989-இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அம்முடிவை இன்று பழிப்பது எளிது. ஆனால் அன்றைய தட்டில் இருந்ததை நினைக்க வேண்டும்: ஒருபுறம் ஐந்நூறில் இரண்டு, மறுபுறம் ஆயிரக்கணக்கான நல்ல இறக்கைகளைக் கழற்றி, இறுக்கமான துளைகளிலிருந்து ஆணிகளை உருவி, மீண்டும் அடித்து மாட்டும் வேலை. உருவும்போது துளையின் சுவரில் விழும் ஒரு கீறலே நாளைய விரிசலின் விதை. வாடிங்டனின் பாடத்தைப் படித்தவர் எவரும் தயங்கியிருப்பார்.

முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரல் 4 அன்று, புளோரிடாவின் டேட்டோனா கடற்கரை நகரில் எம்ப்ரி-ரிடில் வானியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் எழும்பிய சிறிது நேரத்தில் இடது இறக்கையை இழந்தது. தேர்வு கொடுத்துக்கொண்டிருந்த மாணவரும், தேர்வாளரும் மாண்டனர். பி.ஏ.-28ஆர்-201 வகையைச் சேர்ந்த அவ்விமானம் 2007-இல் கட்டப்பட்டது. பறந்தது ஏறத்தாழ 7,690 மணி. அதாவது, அது கிழட்டு விமானம் அன்று. கொட்டகையில் கிடந்து துருப்பிடித்ததும் அன்று. ஒழுங்கான பணிமனையில், நூறு மணிக்கொரு முறை தவறாமல் ஆராயப்பட்டது. ஆய்வுகள் அனைத்தும் நடந்தன. விரிசல் எந்த ஆய்விலும் தென்படவில்லை. இணைப்பின் உள்ளே மறைந்த துளையை வெளியிலிருந்து கண்ணால் காண இயலாது என்பதே காரணம். அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு விமானத்திலும் விரிசல் கண்டறியப்பட்டது. தாழ்வுயரப் பயிற்சிப் பறப்பும் மீண்டும் மீண்டும் தரையிறங்குதலும் விரிசலை வளர்த்தன என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுகட்டியது.

பதிவேடு சான்றாதல்

அடுத்து எழுந்த கேள்வி, இவ்வகையின் ஆயிரக்கணக்கான தனியார் விமானங்களைப் பற்றியது. எல்லாவற்றையும் பிரிப்பதா? 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2020-26-16 எண்ணுள்ள ஆணையின் விடை நுட்பமானது. 5,000 மணி கடந்த விமானத்தின் உரிமையாளர் முதலில் பிரிக்க வேண்டியது இறக்கையை அன்று, பதிவேட்டை. அதில் எத்தனை நூறு மணி ஆய்வுகள் பதிவாகியுள்ளன என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 100 மணி முழுமையாகக் கணக்கில் சேரும். மொத்தப் பறப்பு மணியில் எஞ்சியதைப் பதினேழால் வகுத்துச் சேர்க்க வேண்டும். கிடைக்கும் எண்ணே பயன்பாட்டின் கடுமையைக் கணக்கிற்கொண்ட வயது. அது 5,000-ஐ எட்டும்போதுதான் சோதனை.

6,800 மணி பறந்த இரு விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று தொடக்கமுதல் தனியாரிடம் இருந்து, நூறு மணி ஆய்வே காணாதது. அதன் கணக்கு வயது 400. மற்றொன்று பயிற்சிப் பள்ளியில் உழைத்து 60 நூறு மணி ஆய்வுகளைக் கண்டது. அதன் கணக்கு வயது ஏறத்தாழ 6,047. உலோகம் ஒன்றே, மணியும் ஒன்றே, வாழ்க்கை வேறு. நூறு மணி ஆய்வு விரிசலைக் காணவில்லை. ஆனால் அது நடந்தது என்ற குறிப்பு, விமானம் கட்டணப் பணியில் கழித்த காலத்துக்குச் சான்றாகிவிட்டது. ஆய்வு தன் நோக்கத்தில் தோற்று, ஆய்வின் பதிவு வேறொரு நோக்கத்தில் வென்ற விந்தை இது. சோதனையும் 1987-இலிருந்து மாறியிருந்தது: இறக்கையைக் கழற்றாமல், ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்க்கோடியிலுள்ள இரு ஆணிகளை மட்டும் எடுத்து, துளைக்குள் சுழல் மின்னோட்ட உணரியைச் செலுத்திப் பார்ப்பது. அந்த ஆணிகளை உருவுவதே தீங்காகலாம் என்ற கவலை உரிமையாளரிடையே இம்முறையும் எழுந்தது.

ஆவணவியல் நோக்கில் இங்கே ஒரு முரண் உண்டு. விமானத்தின் மொத்தப் பறப்பு மணி, வான்தகுதி ஆணைகளின் நிலை போன்றவற்றை நிலையாகக் காத்து, விற்கும்போது வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் ஆண்டாய்வு, நூறு மணி ஆய்வு ஆகியவற்றின் குறிப்புகளை, அதே வேலை மறுமுறை செய்யப்படும்வரை அல்லது ஓராண்டு வைத்திருந்தாற் போதும். அதற்குப் பின் அழித்தாலும் குற்றமில்லை. படி எடுத்தாயிற்று என்று பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கத்தை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் விளைவு புதிதன்று. 2021-இன் கணக்கீட்டுக்குத் தேவைப்பட்டவை, அழிக்க அனுமதிக்கப்பட்டிருந்த அதே குறிப்புகள். பெரும்பாலான உரிமையாளர்கள் அவற்றைக் காத்து வைத்திருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் விதி அன்று, சந்தை. பதிவேடு முழுமையாக இல்லாத விமானத்தின் விலை பெருமளவு சரிந்துவிடும்.

குறிப்புகள் தொலைந்துபோன விமானங்களையும் ஆணை விட்டுவிடவில்லை. பதிவேடு குறைபட்டிருந்தால் கணக்கு வயதை அறிய வழியில்லை. எனவே அவ்விமானம் காத்திருக்காமல் சோதனைக்குச் சென்றாக வேண்டும். கண்டதை, விரிசல் இல்லையென்றாலும், அரசுக்கு எழுதி அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்புகளிலிருந்துதான் இவ்வகை விட்டங்களில் எத்தனை விரிசலுற்றிருக்கின்றன, பதினேழால் வகுத்தது சரியா என்பது வருங்காலத்தில் தெரியவரும்.